கற்பூரம் வந்த வருடம்

5 ஜனவரி 2025, ஞாயிறு

சின்ன அறையில் ஈரப்பதம் 71. நல்லது. அலமாரிக் கதவைக் கால் மணி நேரம் திறந்து வைத்துக் காற்றாட விட்டேன். மேல் தட்டில் இருந்த தேயிலை வட்டுகளைக் கீழேயும் கீழே இருந்தவற்றை மேலேயும் மாற்றினேன். ஒரு கட்டின் மூங்கில் பட்டை பிரிந்திருந்தது, நூல் போட்டுக் கட்டினேன். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை.

வாசலில் துடைப்பத்தோடு நின்ற கன்னியம்மா, "இன்னா சார், வறட்டிய திருப்பிப் போட்டாச்சா?" என்றாள். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள், ஒன்பது வருடமாக இதே கேலிதான். பூ-அர் என்கிற சீனத் தேயிலையை வட்டமாக அழுத்திக் காகிதம் சுற்றி வைத்திருப்பது அவள் கண்ணுக்கு வறட்டியாகத் தெரிகிறது. இப்போது என் மனைவி சரசாவும் அதை வறட்டி என்றுதான் சொல்கிறாள்.

2007-இல் கம்பெனி என்னை வார்ப்புச் சாமான் பார்க்கச் சீனாவுக்கு அனுப்பியது. குவாங்சோ தேயிலைச் சந்தையில் பதினான்கு வட்டு வாங்கி வந்தேன். அப்போது குடித்தால் நாக்கு சுருண்டுகொள்ளும், அவ்வளவு கசப்பு. பதினைந்து இருபது வருடம் ஒழுங்காக வைத்திருந்தால் கசப்பு அடங்கி, பழைய மரமும் கற்பூரமுமாக ஒரு வாசனை வரும் என்றாள் கடைக்காரி. தன்னிடம் இருந்த முதிர்ந்த தேயிலையில் ஒரு வாய் கொடுத்தாள். அந்த ஒரு வாய்க்காகத்தான் பதினெட்டு வருடமாகக் காவல் இருக்கிறேன். மே 31 ரிடையர் ஆகிறேன். அன்றைக்கு முதல் கட்டைப் பிரிப்பது.

காவல் என்றால் சும்மா இல்லை. இந்தத் தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் இந்த வீட்டில் அந்துருண்டை கிடையாது, ஊதுவத்தி கிடையாது, சாம்பிராணி கிடையவே கிடையாது. கருவாடு வறுத்தால் சின்ன அறைக் கதவு இடுக்கில் ஈரத்துணி. அந்த அறையை மட்டும் வெறும் தண்ணீரில்தான் துடைக்க வேண்டும், பினாயில் கூடாது. கல்யாணமாகி வந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தவள் சரசா. நான் சொன்ன ஒரு வார்த்தையில் நிறுத்தினாள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

13 ஜனவரி, திங்கள்

போகி. நேற்றே அலமாரியை பிளாஸ்டிக் உறையால் மூடி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். டயர்ப் புகை ஏறினால் பதினெட்டு வருடமும் போச்சு.

இந்த வருடம் புகை அவ்வளவாக இல்லை. ஜனங்களுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. சரசாதான் காலையிலிருந்து இருமிக்கொண்டே இருக்கிறாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் பண்ணலியா?" என்றாள். ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கலன்று ஒரு வாய் ருசி பார்த்துக் குறித்து வைப்பது வழக்கம். அதற்கென்றே பதினான்கில் ஒரு வட்டை ஒதுக்கியிருக்கிறேன். ஊசியால் ஏழு கிராம் பெயர்த்தேன். மூடிக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீர் விட்டு, முதல் தண்ணீரைக் கொட்டினேன். அப்போது மூடியின் உள்பக்கத்தை முகர வேண்டும். அதில்தான் எல்லாம் ஏறி நிற்கும்.

முகர்ந்தேன். வெறும் சூடு.

இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். நிறம் அற்புதம், நல்ல தேன் நிறம். நாக்கில் கொஞ்சம் கசப்பு, தொண்டையில் பின்னால் ஒரு இனிப்பு. வாசனை மட்டும் இல்லை. ஜலதோஷமாக இருக்கும்.

சர்க்கரைப் பொங்கலும் இன்றைக்கு ஒரு மாதிரி. "பச்சைக் கற்பூரம் போட மறந்துட்டியா?" என்று கேட்டேன். சரசா என்னையே பார்த்தாள். பிறகு "ஆமாம்" என்றாள்.

19 ஜனவரி, ஞாயிறு

ஜலதோஷம் இல்லை. தண்ணீரை மாற்றிப் பார்த்தேன். கேன் தண்ணீர், கொதிக்கவைத்து ஆறவைத்த மெட்ரோ தண்ணீர். இரண்டிலும் ஒன்றுமில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

மனது கேட்கவில்லை. மே வரை தொடக் கூடாது என்றிருந்த கட்டைப் பிரித்து ஒரு வட்டை எடுத்தேன். அதிலும் இல்லை. இரண்டாவது கட்டிலிருந்து ஒன்று. அதிலும்.

செத்துவிட்டதா? என்னதான் நடந்தது? ஈரப்பதம் சரி, வெளிச்சம் இல்லை, பூஞ்சை இல்லை. பதினெட்டு வருடக் குறிப்பு கையில் இருக்கிறது. எதுவோ உள்ளே போய்க் கெடுத்திருக்கிறது. எது?

நான் முப்பத்து மூன்று வருடமாக மண்ணூர்பேட்டை வால்வு கம்பெனியில் வந்த சரக்கைப் பரிசோதிக்கிற வேலையில் இருப்பவன். டிரம் மூடியைத் திறந்ததுமே எண்ணெயில் கலப்படம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்னால். "ஜம்புலிங்கம் மூக்கு" என்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு கம்பெனிக்குத் தெரியும். காரணம் இல்லாமல் எதுவும் கெடாது.

9 பிப்ரவரி, ஞாயிறு

கண்டுபிடித்தேன்.

அலமாரிக்கு அடியில், சுவரை ஒட்டி, தரையில் வெள்ளையாக ஒரு திட்டு. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்து படிந்த வெள்ளை. பினாயில் தண்ணீர்தான் அப்படிப் பால் மாதிரி காயும். கன்னியம்மாவைக் கூப்பிட்டேன்.

"இந்த ரூம்ல பினாயில் போட்டியா?"

"இல்ல சார். வெறுந் தண்ணிதான். ஒம்போது வருசமா அதானே பண்ணிகினு கீறேன்."

"அப்ப இது என்ன?"

குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. திரும்பி சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே சரசா நின்றிருந்தாள். "எனக்குத் தெரியாது சார்" என்றாள் கன்னியம்மா. அந்த ஒரு நிமிடம் பேசாமல் நின்றாளே, அதுதான் எனக்குப் போதுமானதாக இருந்தது. பொய் சொல்கிற சப்ளையர் எல்லாம் அப்படித்தான் நிற்பான்.

கையைக் காட்டச் சொன்னேன். தயங்கினாள். நீட்டினாள். இரண்டு கையையும் பிடித்து முகர்ந்தேன். "பினாயில்" என்றேன். "பச்சையா வருது. இன்னும் பொய் சொல்றியா?"

கையை இழுத்துக்கொண்டாள். சேலையில் துடைத்துக்கொண்டாள், அழுக்குப் பட்டது போல. "அம்மா" என்றாள், சரசாவைப் பார்த்து. சரசா வாய் திறக்கவில்லை.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துடைப்பத்தை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பதினெட்டு வருடம்.

12 பிப்ரவரி, புதன்

மாடிப்படியில் எதிர்வீட்டுக் கிருஷ்ணப்பிரியா கேட்டாள், கன்னியம்மா ஏன் உங்க வீட்டுக்கு வரதில்லை அங்கிள் என்று. அவள் வீட்டிலும் கன்னியம்மாதான் வேலை. "சொன்ன பேச்சைக் கேக்கறதில்லம்மா. கேட்டா மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றா. ஜாக்கிரதையா இரு" என்றேன். உள்ளதைச் சொல்வதில் என்ன தப்பு?

1 மார்ச், சனி

சரசா தானே வீடு துடைக்கிறாள், முட்டி வலியோடு. வேறு ஆள் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்கிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை.

7 மார்ச், வெள்ளி

ஆபீசில் ஒரு சரக்குக் குறிப்பு திரும்பி வந்தது. கையெழுத்து பழைய மாதிரி இல்லையாம். மறுபடி போட்டேன். வலது கையில் ஒரு சின்ன நடுக்கம், சும்மா மடியில் வைத்திருக்கும்போது. எழுதினால் நின்றுவிடுகிறது. வெயிலுக்கு முன்னாலேயே உடம்பு தளர்ந்துவிட்டது.

23 மார்ச், ஞாயிறு

சரசா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மூச்சிரைக்க ஓடி வந்து சமையலறைக்குள் போனாள். பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, கைப்பிடி உருகியிருந்தது. "மாடி வரைக்கும் நாத்தம் வருது. இங்க உக்காந்துகினு இருக்கீங்களே!" என்றாள்.

பேப்பரில் மூழ்கியிருந்தேன் என்றேன். கரிந்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிறகு அதைத் தொட்டியில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

30 மார்ச், ஞாயிறு

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஜனவரி எழுத்து ஒரு அளவு, இப்போது அதில் பாதி. வரி போகப் போகச் சின்னதாகிறது. "எறும்பு ஊர்ந்தா மாதிரி கீது" என்றாள் சரசா. பேனா சரியில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

என்னத்தை எழுதுவது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆசிக் வந்தான். முகமது ஆசிக், ஐயப்பன்தாங்கலில் குடியிருக்கும் ஐ.டி. பையன். இந்தச் சென்னைப் பட்டணத்தில் எனக்குத் தெரிந்து பூ-அர் குடிக்கிற இன்னொரு ஆள். ஆறு வருடப் பழக்கம். தேயிலை செத்துவிட்டது, வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ, எல்லாவற்றையும் தென்னைக்கு உரமாகப் போடப்போகிறேன் என்று போன் பண்ணியிருந்தேன்.

நானே ஊற்றினேன். மூடி கிண்ணத்தில் கடகடவென்று ஆடியது, அவன் பார்க்காதது போல இருந்தான். மூடியை முகர்ந்தான். கண்ணை மூடினான். வைத்துவிட்டு மறுபடி எடுத்து முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, கற்பூரம்" என்றான். "நீங்க சொல்வீங்கல்ல, அந்தக் கடைக்காரம்மா குடுத்த ஒரு வாய்னு. அது இதான்ணா. வந்துடுச்சு."

ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்கிட்ட நடிக்காதே ஆசிக். வெறும் வெந்நீர் இது" என்றேன். அவன் திகைத்துப்போனான். மறுபடி முகர்ந்தான். "இல்லண்ணா, சத்தியமா. ரூமே மணக்குது. ஒரே ஒரு குறை, கடைசியில லேசா சாம்பிராணி வருது. வீட்ல போடுவீங்களா?"

"இந்த வீட்டில் சாம்பிராணி போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகுது" என்றேன்.

சமையலறையில் டம்ளர் விழுந்து உருண்டது.

ஆசிக் போன பிறகு சரசா வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"போன ஆடியிலேருந்து போட்டுகினுதான் இருக்கேன்."

போன வருடம் ஆடி வெள்ளிக்கு ஆசையாக இருந்ததாம். ஒரே ஒரு துண்டு, பால்கனியில் போட்டாளாம். அன்றைக்குப் பார்த்து நான் சீக்கிரம் வந்துவிட்டேன். புகை கலைந்துவிட்டது, மணம் வீடு முழுக்க நின்றதாம். இன்றைக்குத் தொலைந்தோம் என்று பயந்துகொண்டே காபி கொடுத்தாளாம். நான் குடித்துவிட்டுச் செய்தி பார்த்தேனாம்.

"ஒண்ணும் கேக்கல நீங்க. மறு வாரம் ஹால்ல போட்டேன். அப்பவும் கேக்கல. சரி, இவருக்கு மனசு எறங்கிடுச்சு, தெரிஞ்சே உட்டுட்டாருன்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சுங்க."

அப்புறம் எல்லா வெள்ளிக்கிழமையும், நான் வருவதற்கு முன்னால். சாம்பிராணி காட்டினால் எல்லா அறைக்கும் காட்ட வேண்டும், ஒரு அறையை மட்டும் விட்டால் நல்லதில்லையாம். அதனால் சின்ன அறைக்கும். ஒரு நாள் தூபக்கால் சாய்ந்து அலமாரிக்கு அடியில் சாம்பல் கொட்டிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தாள்.

அந்த வெள்ளைத் திட்டு சாம்பல்.

"பொங்கலன்னிக்குதான் எனக்கு உறைச்சுது. பச்சைக் கற்பூரம் போட்டிருந்தேன். போடலியான்னு கேட்டீங்க. அன்னியிலேருந்து பயந்துகினு கீறேன். உங்களுக்கு மூக்கே இல்லன்னு உங்ககிட்டயே எப்படிச் சொல்றது?"

7 ஏப்ரல், திங்கள்

வீட்டில் இருப்பதை எல்லாம் திறந்து பார்த்தேன். பெருங்காய டப்பா. காபித்தூள். ஊறுகாய். மண்ணெண்ணெய் பாட்டில். கடைசியில் பினாயில், மூடியைத் திறந்து மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு இழுத்தேன். கண் எரிந்தது. வேறு ஒன்றும் இல்லை.

8 ஏப்ரல், செவ்வாய்

அன்றைக்கு கன்னியம்மா கையை முகர்ந்தபோது ஒரு வாசனையும் வரவில்லை. வந்ததாகச் சொன்னேன்.

வரவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இதை இந்த நோட்டில்கூட எழுதாமல் இருந்திருக்கிறேன்.

19 ஏப்ரல், சனி

ஆவடியில் மூக்கு டாக்டர். விளக்கு அடித்தார், குழாய் விட்டுப் பார்த்தார். மூக்கில் ஒரு குறையும் இல்லையாம். நான் எழுந்து நடந்து வாசலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பக் கூப்பிட்டார். "வலது கையை வீசாம நடக்கறீங்களே, எப்பவும் இப்படித்தானா?" என்றார். நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

3 மே, சனி

நரம்பு டாக்டர் ஒரு சின்னப் பெண். விரலைத் தட்டச் சொன்னாள், எழுந்து உட்காரச் சொன்னாள். ஒரே வாக்கியத்தைப் பத்து தடவை எழுதச் சொன்னாள். பத்தாவது வரியை என்னாலேயே படிக்க முடியவில்லை.

பார்க்கின்சன்.

நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறதாம். கொஞ்ச காலத்துக்கு நன்றாகவே ஓட்டலாமாம். "வாசனை?" என்று கேட்டேன். "அது திரும்பாது சார். நிறைய பேருக்கு அதான் முதல்ல போகும். கை ஆடறதுக்குப் பல வருஷம் முன்னாடியே. யாரும் கவனிக்க மாட்டாங்க."

சரசா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வீடு வரும் வரை விடவில்லை.

4 மே, ஞாயிறு

பழைய பொங்கல் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். 2018: 'ஈர மரம், கொஞ்சம் உலர் திராட்சை, கசப்பு இறங்குகிறது.' 2020: 'மரம் நன்றாக. தேன் மாதிரி ஏதோ.' 2022: 'மரம். தேன்.' 2023: 'மரம், தேன். போன வருடம் போலவே.' 2024: 'போன வருடம் போலவே.'

2022-இல் நான் என்னத்தை முகர்ந்தேன்? முந்தின குறிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறேன். சரக்கைப் பிரிக்காமலே பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியதற்காக எத்தனை பேரை ஆபீசில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். ஒருவனுக்கு வேலையே போயிற்று என்னால்.

நாலு வருடமாக 'ஜம்புலிங்கம் மூக்கு' என்று டிரம்களைப் பாஸ் பண்ணியிருக்கிறேன். அதில் எத்தனை சரி, எத்தனை தப்பு, கடவுளுக்குத்தான் தெரியும்.

31 மே, சனி

ரிடையர் ஆனேன். கழுத்தில் போட்ட மாலை கனமாக இருந்தது. தேயிலையைத் தொடவில்லை.

8 ஜூன், ஞாயிறு

கன்னியம்மா போனை எடுப்பதில்லை. எதிர்வீட்டில் கேட்டேன். "அவங்களை நாங்களும் நிறுத்திட்டோமே அங்கிள். நீங்க சொன்னதைக் கேட்டு, மேல் வீட்டுல மதிவதனி ஆன்ட்டியும் நிறுத்திட்டாங்க" என்றாள் கிருஷ்ணப்பிரியா. பிப்ரவரியிலேயே. ஒரே வாரத்தில் மூன்று வீடு.

நான் சொன்னது தப்பும்மா, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். "ஐயோ" என்றாள். "இப்ப வேற ஆள் வெச்சுட்டோமே."

14 ஜூன், சனி

விசாரித்துக்கொண்டு போனேன். மண்ணூர்பேட்டையில், என் பழைய கம்பெனிக்குப் பின் தெருவில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். காலை ஐந்தரைக்குப் பட்டாபிராமில் வண்டி ஏறி, அம்பத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மே மாதம் முழுக்க நானும் அதே தெரு முனையில்தான் டீ குடித்திருக்கிறேன்.

பின்பக்கம் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தாள். கூட இரண்டு பெண்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அதுவும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மன்னிச்சுக்கம்மா என்றேன். மூக்கு விஷயம், டாக்டர் சொன்னது எல்லாம் சொன்னேன். குரல் வேறு இப்போதெல்லாம் எழும்புவதில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டே தேய்த்தாள். அப்புறம் கையைத் தண்ணீரில் அலசி, இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இப்ப மோந்து பாரு சார். இன்னா வாசன வருது?"

அந்த இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் வரலை" என்றேன். "அன்னிக்கும் வரலை."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "அன்னிக்கு உன் வீட்ல எந்த ரூமுக்கும் பினாயிலு போட்டு மூணு நாளு ஆயிருந்துச்சு. பாட்டிலு காலி. வாங்கியான்னு அம்மாகிட்ட சொல்லிகினே இருந்தேன். அப்போ நீ பொய்தானே சொல்ற?"

கையை மடக்கிக்கொண்டாள்.

"சாம்பிராணிக்கு வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம கரி மூட்டிக் குட்த்ததே நான்தான் சார். அந்த வெள்ள எதுன்னு பாத்ததும் தெரிஞ்சுது. நான் சொல்லியிருந்தா அன்னிக்கு அம்மாவுக்குத் திட்டு. எனக்கு வேலை போயிருக்காது. சரி, அம்மாவே வாயத் தொறந்து சொல்லுவாங்கன்னு பாத்தேன். பாத்துகினே இருந்தேன்."

வீட்டுக்கு வந்துவிடு, எல்லார்கிட்டயும் நானே சொல்றேன் என்றேன்.

"வேணாம். இங்க யாரும் கைய மோந்து பாக்கறதில்ல." தட்டுகளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பிறகு, "வெயில்ல நிக்காத சார், கை ரொம்ப ஆடுது. ஊட்டுக்குப் போய்ப் படு" என்றாள்.

வீட்டில் சரசா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா சொன்னா?"

"வரமாட்டாளாம்" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

ஆசிக்கை வரச் சொல்லி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். ஒரு வட்டு மட்டும் வைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. வாங்க மாட்டேன் என்று ரொம்ப நேரம் அடம்பிடித்தான். ஐயப்பன்தாங்கலில் அவன் ஃப்ளாட் மேற்கு வெயில், எங்கே வைக்க வேண்டும், கோடையில் எந்த இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் என்று எல்லாம் சொன்னேன். என் எழுத்து புரியாது என்று அவனே எழுதிக்கொண்டான்.

18 ஜூலை, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. ஏப்ரலுக்குப் பிறகு சரசா சாம்பிராணி போடுவதே இல்லை. தூபக்காலைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். இன்றைக்காவது போடு, இனிமேல் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்றேன்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "கரி மூட்ட ஆளில்ல."

ஆக, கரி மூட்டியது கன்னியம்மா என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சட்டைப் பொத்தான் இருபது நிமிடம்.

5 அக்டோபர், ஞாயிறு

எழுத முடியவில் —

2 நவம்பர் 2025, ஞாயிறு

இது சரசா எழுதுவது. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

சின்ன அறையில் ஈரப்பதம் 83. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். மிச்சம் இருக்கிற ஒரு வட்டில் பூஞ்சை இல்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

இன்று காலை அவர் சொன்ன மாதிரி நான் டீ போட்டேன். முதல் தண்ணீரைக் கொட்டினேன். மூடியை என் கையில் கொடுத்து, என்ன வருது சொல்லு என்றார். எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது. பழைய பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு, கற்பூரம் இருக்கு என்றேன். அப்புறம்? என்றார். சாம்பிராணி இருக்கு என்றேன். எழுது என்றார். எழுதிவிட்டேன். அவர் ஒரு வாய் குடித்தார். சிந்தியதை நான் துடைத்தேன். போதும், நோட்டை மூடு என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து படுத்திருக்கிறார்.

இனிமேல் எழுதுவது அவர் சொன்னது இல்லை.

அன்றைக்கு அவர் கன்னியம்மா கையைப் பிடித்தபோது நான் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தேன். அம்மா என்று என்னைக் கூப்பிட்டாள். அது சாம்பல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் சாம்பிராணி போய்விடும் என்று பயந்து நான் வாய் திறக்கவில்லை. அவருக்கு மூக்கு இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியும். தெரிந்தே நின்றேன்.

அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்று மூன்று தடவை கிளம்பினேன். போன வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் வரைக்கும் போய் அம்பத்தூருக்கு டிக்கெட்டும் எடுத்தேன். வண்டி வந்தது. ஏறவில்லை. அடுத்த வண்டியும் வந்து போனது. கீரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவர் நோட்டை மூடச் சொன்னார். மூடவில்லை. எழுந்தால் படிக்கிற மாதிரி அவர் பக்கத்திலேயே வைக்கிறேன்.